‘அன்று’ என்று எழுதும் கவிதை

1986-ஆம் ஆண்டு, அமெரிக்க உளவியல் ஆய்விதழ் ஒன்றின் 95-ஆம் தொகுதியில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. மார்க் வில்லியம்ஸும் பிராட்பென்ட்டும், உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தவர்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, அந்தச் சொல் நினைவுக்குக் கொண்டுவரும் ஏதேனும் ஒரு நாளை, ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும்படி கேட்டார்கள். மற்றவர்கள் எளிதாகச் சொன்னதை இவர்களால் சொல்ல முடியவில்லை. இன்ன நாள், இன்ன இடம், இன்னார் என்று வராமல், ‘நண்பர்களோடு இருக்கும்போதெல்லாம்’ என்கிற ரீதியில் பொதுப்படையான பதில்களே அதிகம் வந்தன. மற்றொன்று டெக்ஸஸ் மாநிலத்தின் டாலஸ் நகரிலிருந்து வந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாதாரண விஷயங்கள்; மற்றவர்களுக்கு, தம் வாழ்வில் மிகவும் வேதனை தந்த நிகழ்ச்சி. நடந்ததையும் அப்போது பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த 6 மாதங்களில் கல்லூரி மருத்துவரிடம் போன தடவைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. நடந்ததை வெறும் தகவலாக எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

எழுதினால் மனம் ஆறும் என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஏன் ஆறுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: உள்ளே தேங்கிக் கிடந்ததைக் கொட்டிவிட்டோம், பாரம் இறங்கிவிட்டது. டாலஸ் ஆய்வையும் இந்தப் பதிலுக்குச் சான்றாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பின் வந்த 40 ஆண்டு ஆராய்ச்சியை இங்கிலாந்துக் கட்டுரையோடு சேர்த்துப் படித்தால் வேறொரு விளக்கம் வலுப்பெறுகிறது. ஆறுதலின் பெரும்பகுதி கொட்டுவதிலிருந்து வருவதில்லை. ஒரு நாளை, ஒரு பொருளை, ஒரு மணத்தை, அது எப்படி இருந்ததோ அப்படியே பிடித்துச் சொல்வதிலிருந்து வருகிறது. புலன்வழிக் கவிதை என்று நாம் சொல்வது அழகியல் விருப்பம் மட்டும் என்று நினைப்பவர்கள் அதன் பாதிப் பயனைத்தான் பார்க்கிறார்கள். சோர்ந்த மனம் எந்தத் திறனை முதலில் இழக்கிறதோ, அதே திறனுக்கான பயிற்சி அது.

வில்லியம்ஸ் கண்டதை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ‘பாட்டி வீட்டுக்குப் போனாலே சந்தோஷமாக இருக்கும்’ என்பது ஒரு நினைவு. ‘அந்தப் பொங்கலன்று விறகு ஈரமாக இருந்தது, பாட்டி ஊதாங்குழலை எடுத்து ஊத ஊதக் கண்ணில் நீர் வழிந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு, பால் பொங்குகிறதா பார் என்றாள்’ என்பது இன்னொரு நினைவு. இரண்டும் ஒரே வீட்டைப் பற்றியவைதாம். முதலாவதில் நாளும் இல்லை, பொருளும் இல்லை. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் முதல்வகை நினைவு மிகுந்தும் இரண்டாம் வகை அரிதாகவும் இருப்பதைப் பிற்பாடு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. வலிக்கும் விவரங்களைத் தொடாமலிருக்க மனம் பொதுப்படையான தளத்திலேயே நின்றுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். தற்காப்பாகத் தொடங்கியது நாளடைவில் பழக்கமாகிவிடுகிறது. அப்புறம் மகிழ்ச்சியான நாட்களும் அந்தப் பழக்கத்தில் உருவிழந்து போகின்றன. ‘நான் எப்போதுமே இப்படித்தான்’, ‘எனக்கு எதுவுமே சரியாக வராது’ என்று சுற்றிச் சுற்றி வரும் எண்ணங்களில் ‘எப்போதும்’, ‘எதுவும்’ என்ற சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். அவற்றை மறுக்க ஒரு குறிப்பிட்ட நாள் வேண்டும். அந்த நாள்தான் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

இதில் மீட்சிக்கு என்ன இடம்? கடந்ததை நினைப்பதும் வரப்போவதைக் கற்பனை செய்வதும் மூளையில் பெரும்பாலும் ஒரே வலைப்பின்னலைப் பயன்படுத்துகின்றன என்பதை டோனா ரோஸ் அடிஸ், டேனியல் ஷாக்டர் முதலியோர் 2007-இல் மூளைப் படங்களின் உதவியால் காட்டினார்கள். நாளையைக் கற்பனை செய்ய மனம் நேற்றின் துண்டுகளைத்தான் எடுத்துக் கோக்கிறது. துண்டுகளே இல்லாதவருக்கு நாளை மங்கலாகத்தான் தெரியும். குறிப்பிட்ட நினைவுகள் குறைந்தவர்களுக்கு எதிர்காலக் கற்பனையும் பொதுப்படையாகவே இருக்கிறது என்று வில்லியம்ஸின் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு மனிதர் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது என்றால், வேறு மாதிரியான ஒரு காலையை அவரால் மனக்கண்ணில் பார்க்க முடிவது அதன் முதல் படி. அந்தக் காலைக்கு வேண்டிய வெளிச்சமும் ஓசையும் ஏற்கெனவே வாழ்ந்த காலைகளிலிருந்துதான் வரவேண்டும்.

புலன்களில் மணத்துக்கு இங்கே தனி இடம் உண்டு. பார்வையும் ஒலியும் தொடுகையும் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் புறணிக்குப் போகின்றன. மணம் அந்தச் சுற்றுவழியை எடுப்பதில்லை. மூக்கின் மேற்கூரையில் தொடங்கும் நரம்புகள் முகர்வுக் குமிழுக்குச் செல்கின்றன; அங்கிருந்து, உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் நினைவு உருவாகும் பகுதியின் வாசலுக்கும் நேரான பாதை இருக்கிறது. சுவீடனில் யோஹான் வில்லாண்டரும் மரியா லார்சனும் 2006-இல் முதியவர்களிடம் செய்த ஆய்வில், சொற்களும் படங்களும் பெரும்பாலும் 10 வயதுக்குப் பிந்தைய நினைவுகளை எழுப்பின. மணங்களோ முதல் 10 வயதுக்குள் நடந்தவற்றை எழுப்பின. கோடைமழையின் முதல் துளிகள் விழும்போது எழும் மண்வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் 1964-இல் இதை ஆராய்ந்து, உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் சுட்ட மண்ணிலிருந்து அத்தர் வடிப்பதையும் தம் ஆய்வில் குறிப்பிட்டார்கள். அந்த வாசனையில் முக்கியமானது ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். துளி விழுந்ததும் மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று குமிழிகளாக மேலேறி, வெடித்து, அந்த வாசனையைத் தூவுகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2015-இல் அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். இவ்வளவு நுட்பமான நிகழ்வை ‘மண் மணந்தது’ என்று ஒரு வரியில் கடந்துபோகும் கவிதையிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. புழுதித் தெருவின் வாசனை, உழுத வயலின் வாசனை, ஓட்டுக் கூரையின் வாசனை மூன்றும் ஒன்றல்ல. எது என்று சொல்லும்போதுதான் படிப்பவரின் குழந்தைப்பருவம் விழித்துக்கொள்ளும்.

சொல்லுக்கு அந்த அளவு வல்லமை உண்டா என்று கேட்கலாம். 2006-இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வொன்றில் பூண்டு, இலவங்கப்பட்டை, மல்லிகை போன்ற சொற்களைப் படித்தவர்களின் மூளையில், மணத்தை உணரும் பகுதியே செயல்படத் தொடங்கியது. மணமற்ற பொருள்களின் பெயர்களுக்கு அப்படி நிகழவில்லை. 2012-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தினர், கரடுமுரடான நாள் என்பது போன்ற தொடுகை உருவகங்களைக் கேட்டவர்களிடம், தொட்டு உணரும் மூளைப்பகுதி விழிப்பதைக் கண்டார்கள். மோசமான நாள் என்பது போல நேராகச் சொன்ன வாக்கியங்களுக்கு அது விழிக்கவில்லை. இந்த ஆய்வுகளை வைத்து எல்லைமீறிப் பேசுபவர்கள் உண்டு. ஒரு பகுதி செயல்படுகிறது என்பதாலேயே அது இல்லாமல் பொருள் புரியாது என்று ஆகிவிடாது. பங்கேற்றவர்களின் எண்ணிக்கையும் சிறியது. அந்த எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். என் வாதத்துக்கு வேண்டியதும் குறைவுதான்: புலனைத் தொடும் சொல், பொதுச் சொல் தொடாத ஒன்றை மூளையில் தொடுகிறது. எமிலி ஹோம்ஸும் ஆண்ட்ரூ மேத்யூஸும் 2005-இல் செய்த சோதனையில், ஒரே செய்தியைச் சொற்பொருளாக எண்ணியவர்களைவிட மனக்காட்சியாகக் கண்டவர்களிடம் உணர்ச்சி வலுவாக எழுந்தது. அது மேற்சொன்னதோடு ஒத்துப்போகிறது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அனுபவத்தைச் சொல்லாக்கினால் அனுபவம் கெட்டுவிடாதா? 1990-இல் ஜோனதன் ஸ்கூலர் செய்த புகழ்பெற்ற சோதனையில், காணொளியில் பார்த்த கொள்ளையனின் முகத்தைச் சொற்களில் வருணித்தவர்கள், பிறகு அந்த முகத்தை அடையாளம் காட்டுவதில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2014-இல் அதை மீண்டும் செய்து பார்த்தபோதும் விளைவு நிலைத்தது. அப்படியானால் கவிஞர் தன் நினைவைத் தானே அழிக்கிறாரா? பதில் அதே ஸ்கூலரின் இன்னொரு சோதனையில் இருக்கிறது. 1996-இல் அவரும் ஜோசப் மெல்ச்சரும் மூன்று வகையினருக்கு ஒயின் கொடுத்து, சுவையை வருணிக்கச் சொன்னார்கள். ஒயின் பழக்கமில்லாதவர்களுக்குப் பாதிப்பில்லை. முறையாகப் பயின்ற வல்லுநர்களுக்கும் பாதிப்பில்லை. நிறையக் குடித்துப் பழகியும் சுவைக்குரிய சொற்களைக் கற்காதவர்களுக்குத்தான், வருணித்த பிறகு அதே ஒயினை அடையாளம் காண்பது கடினமாயிற்று. நாவுக்குத் தெரிந்த அளவு மொழிக்குத் தெரியாதபோது, கைக்கு வந்த தோராயச் சொல் அனுபவத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேய்ந்த சொல் நினைவைத் தேய்க்கிறது. பயின்ற சொல் அதைக் காக்கிறது. ‘மணத்துக்குச் சொல் கிடையாது, அது மனித இயல்பு’ என்று கைவிரிக்கவும் முடியாது. மலாய்த் தீபகற்பக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்கள் நிறங்களுக்குப் பெயர் சொல்லும் அதே எளிமையோடு மணங்களுக்கும் பெயர் சொல்கிறார்கள் என்று ஆசிபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் 2014-இல் காட்டினார்கள். மூக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பேசிப் பழகிய மொழிதான் வேறு.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் தம் வீட்டுச் சொத்தை நினைத்துக்கொள்வது நியாயம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அதைப் புலமைக் காட்சி என்று சிலர் ஒதுக்குவார்கள். ஒயின் சோதனையைப் படித்தபின் அது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூ என்று ஒரே சொல்லால் முடித்துக்கொள்ளும் மனத்துக்கும், 99 பூக்களைப் பிரித்தறியும் மனத்துக்கும் உலகம் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அகப்பாடல்களின் கட்டமைப்பே இந்த அறிதலின்மேல் நிற்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் கருப்பொருள், உணர்ச்சி உரிப்பொருள். தலைவியின் துயரம் ‘துயரம்’ என்ற சொல்லைவிட அதிகமாக, நெய்தல் நிலத்து மாலையிலும் அலைகளின் ஓசையிலும் திரும்பி வராத படகிலும் இருக்கிறது. உணர்ச்சியைப் பெயர்சொல்லிக் கொட்டாமல் ஒரு பொழுதுக்குள்ளும் ஒரு பொருளுக்குள்ளும் வைப்பது, இந்தக் கட்டுரை முன்வைக்கும் செயலேதான். இன்னொன்றும் உண்டு. அகப்பாடலில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கிடையாது. புலவர் தம் சொந்தக் குரலிலும் பேசுவதில்லை. தோழி, செவிலி, தலைவி என்று வேறொருவர் வாயால் பேசுகிறார். பென்னிபேக்கரும் ஷெர்லாக் கேம்ப்பெலும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், எழுதும் நாட்களுக்கிடையே ‘நான்’ என்பதிலிருந்து மற்ற மூவிடப்பெயர்களுக்கு மாறி மாறி எழுதியவர்களுக்கே உடல்நலம் அதிகம் தேறியிருந்தது. பார்க்கும் இடத்தை மாற்றிப் பார்க்கும் மனம் தேறும் மனம். சங்கப் புலவர்கள் மருத்துவம் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் கண்ட வடிவம், வேறு காரணங்களுக்காகப் பிறந்ததாயினும், மனத்தின் இயல்போடு பொருந்துகிறது என்கிறேன்.

எழுத்தின் பலன் எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஜோவான் ஃபிராட்டரோலி 2006-இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். உணர்ச்சியை எழுதுவதால் விளைவு உண்டு; ஆனால் அது சிறியது. கொட்டித் தீர்ப்பதே மருந்து என்றால் இவ்வளவு சிறிதாக ஏன் இருக்கிறது? எப்படி எழுதினார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. 1997-இல் பென்னிபேக்கர் குழு பழைய எழுத்துகளைக் கணினியால் ஆராய்ந்தபோது, நாளாக ஆகக் காரணத்தையும் புரிதலையும் காட்டும் சொற்கள் பெருகியவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். நினைவைக் குறிப்பாகச் சொல்லப் பயிற்றுவிக்கும் முறையொன்றையும் ஃபிலிப் ரேஸ், வில்லியம்ஸ், டிர்க் ஹெர்மன்ஸ் மூவரும் 2009-இல் வெளியிட்டார்கள். போரில் தந்தையை இழந்து ஈரானில் அகதிகளாக வாழ்ந்த ஆப்கன் சிறாருக்கு வாரம் ஒரு முறையாக 5 வாரம் அந்தப் பயிற்சி தரப்பட்டது. 2013-இல் வந்த அந்த ஆய்வின்படி, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெற்றவர்களின் சோர்வு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எட் வாட்கின்ஸ் 2012-இல், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அன்றாடச் சிக்கல்களைப் பொதுமையாக எண்ணாமல் விவரமாக எண்ணும் பயிற்சி தந்து நன்மை கண்டார். நினைவுப் பயிற்சியின் பலன் சில மாதங்களில் தேய்ந்துபோகிறது என்று பின்னர் வந்த தொகுப்பாய்வு காட்டியது. அதில் வியப்பில்லை. சில வாரப் பயிற்சி சில காலப் பலனைத்தான் தரும். கவிதை எழுதுபவர் வாழ்நாள் முழுக்கச் செய்யக்கூடியது இது.

அப்படியானால் கவிஞர்கள் ஏன் இவ்வளவு பேர் சோர்ந்து மடிந்தார்கள்? ஜேம்ஸ் காஃப்மன் 2001-இல் 1,629 எழுத்தாளர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, பெண் கவிஞர்களிடம் மனநோய் அதிகம் என்று கண்டு, அதற்குக் கவிஞர் சில்வியா பிளாத்தின் பெயரையே சூட்டினார். கவிதை நோயைத் தருகிறது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. வலியில் இருப்பவர்கள் கவிதையை நாடி வந்திருக்கலாம். அதே 2001-இல் ஷானன் ஸ்டிர்மனும் பென்னிபேக்கரும், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட 9 கவிஞர்களின் கவிதைகளையும் அப்படிச் சாகாத 9 பேரின் கவிதைகளையும் ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய 300 கவிதைகள். முதல் வகையினரின் கவிதைகளில் ‘நான்’, ‘என்’, ‘என்னை’ என்பவை அதிகமாக இருந்தன. சிறிய ஆய்வுதான். என்றாலும், தன்னிலேயே சுழலும் மொழியும் வெளியே பார்க்கும் மொழியும் வேறுவேறு என்பதற்கு அது ஒரு சான்று.

வெளியே பார்த்த கவிஞர் ஒருவரின் கதை ஜப்பானில் இருக்கிறது. மசஓகா ஷிகி 1867-இல் மட்சுயாமாவில் பிறந்தார். காசநோய் முதுகெலும்பைத் தாக்க, கடைசி ஆண்டுகளில் டோக்கியோ வீட்டில் படுத்த படுக்கையானார். திரும்பிப் படுக்கவும் வலி. இறந்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததை 1901-இல் அவரே குறித்துவைத்திருக்கிறார். ஓவியர்கள் நேரில் பார்த்து வரைவதைப் போலக் கவிஞரும் எதிரில் உள்ளதைப் பார்த்து எழுதவேண்டும் என்பது அவர் கொள்கை; ஹைக்குவை அவர் மாற்றியமைத்தது அதனால்தான். 1899-இல் அவர் அறைக்குக் கண்ணாடிக் கதவு பொருத்தப்பட்டது. படுத்தபடியே சிறிய தோட்டத்தைப் பார்க்க முடிந்தது. அங்கே ஒரு நுரைப்பீர்க்குக் கொடி இருந்தது. அதன் தண்டிலிருந்து வடியும் நீர் சளிக்கு மருந்தென்று எடுப்பார்கள். நாளிதழில் நோய்ப்படுக்கையிலிருந்து அவர் எழுதிய தொடர், இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை வந்துகொண்டிருந்தது. கடைசியாக எழுதிய மூன்று கவிதைகளிலும் அந்தப் பீர்க்கு இருக்கிறது. 1902 செப்டம்பர் 19-இல், 34 வயதில் இறந்தார். கவிதை அவரைக் குணப்படுத்தவில்லை. ஆறடிப் படுக்கைக்குள் சுருங்கிப்போன உலகத்தைக் கடைசிவரை புதிதாகவே வைத்திருந்தது. புத்துயிர்ப்பு என்ற சொல்லை நான் இந்த அளவுக்குத்தான் பயன்படுத்தத் துணிகிறேன்.

எஞ்சியிருப்பது, மருத்துவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம். பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களைத் துன்புறுத்துவதே புலன் நினைவுகள்தாமே? எரிந்த டயரின் வாசனையோ ஒரு கதவின் சத்தமோ அவர்களை அதே கணத்துக்குள் தள்ளிவிடுகிறது. உண்மை. கிறிஸ் புரூயின் முதலியோர் 1996-இல் தந்த விளக்கப்படி, அந்த நினைவில் புலன் இருக்கிறது. எப்போது, எங்கே என்ற குறிப்பு அதோடு பிணைக்கப்படவில்லை. ஆகவே அது கடந்துபோனதாக இல்லாமல் இப்போது நடப்பதாக வருகிறது. ‘அன்று’ என்ற சொல் அந்தப் பிணைப்பைச் செய்யும் சொல். அதிர்ச்சியைக் காலமும் இடமும் சேர்த்து விரிவாகச் சொல்லவைக்கும் சிகிச்சைகள் இருப்பதும் அதனால்தான். ஆனால் அவை பயிற்சி பெற்றவர் துணையோடு நடப்பவை. ஆறாத பெருங்காயத்தைத் தனியாக உட்கார்ந்து கவிதையாக்கச் சொல்லி யாரையும் தூண்டக்கூடாது. அப்படிப்பட்டவர்கள் மனநல மருத்துவரை நாடவேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

மற்ற எல்லோருக்கும், முக்கியமாகப் பள்ளி கல்லூரிகளில் கவிதைப் போட்டி நடத்துபவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். தாய்மை, தன்னம்பிக்கை, மனிதநேயம், நாளைய உலகம் என்றே தலைப்புத் தந்துகொண்டிருக்கிறோம். பதின்பருவத்தில் ஏற்கெனவே ‘எப்போதும்’, ‘எதுவும்’ என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையை அதே சொற்களில் இன்னும் ஒரு மணிநேரம் உட்காரவைக்கிறோம். அடுத்த போட்டிக்கு ‘தாய்மை’ வேண்டாம். ‘நேற்றுக் காலை அம்மா தலை வாரிவிட்டபோது’ என்று தலைப்புக் கொடுங்கள். பள்ளி வளாகத்தில் உள்ள மரங்களின் பெயர்களை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எழுதி முடித்ததும் எதுகை மோனையைப் பார்ப்பதற்கு முன், எந்த நாள், எந்த இடம், என்ன வாசனை என்று கேளுங்கள்.